அரைடம்ளர் என்கிற ஹுமேரா

ஹுமேராவின் கையில் முதல் ஊசியைக் குத்தியது நான். கடைசி ஊசியை உருவியதும் நான்தான். நடுவில் ஏழு வருஷம், ஆயிரம் தடவைக்கு மேல். ஒரு மனுஷியின் ஒரு கையை அத்தனை தடவை பிடித்திருக்கிறேன். அவளுடைய இன்னொரு கை அந்த நேரத்தில் உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தது என்பது எனக்கு நாலு வருஷம் தெரியாது.

என் பேர் சாய்ப்ரியா. கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் டெக்னீஷியன். எங்கள் யூனிட்டில் பன்னிரண்டு படுக்கை, பன்னிரண்டு மெஷின். கிட்னி இரண்டும் நின்றுபோனவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து, நாலு மணி நேரம் படுத்திருப்பார்கள். ரத்தம் ஒரு குழாய் வழியாக மெஷினுக்குப் போய்ச் சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாக உடம்புக்குத் திரும்பும். அதற்காகக் கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்து இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துவிடுவார்கள். நாளாக ஆக அந்த இடம் கயிறு மாதிரிப் புடைத்துக்கொள்ளும். அதன் மேல் விரல் வைத்தால் உள்ளே ஏதோ உறுமுவதுபோல் இருக்கும். சாகும்வரை அந்தக் கையில் அடையாளம் இருக்கும்.

ஹுமேரா 2017 ஆகஸ்டில் வந்தாள். இருபத்து நாலு வயசு. வீடு கோட்டைமேட்டில். ஒப்பணக்கார வீதிப் பக்கம் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு டிசைன் போட்டுக்கொண்டிருந்தவள். கூட அவளுடைய அம்மா பாத்திமுத்து. பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே நாற்காலியில் நாலு மணி நேரமும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

முதல் நாள் எல்லோரும் ஊசியின் பருமனைப் பார்த்து அழுவார்கள். ஹுமேரா ஊசியைப் பார்க்கவே இல்லை. தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க சிஸ்டர், குத்துனதுக்கப்புறம் இந்தக் கைய அசைக்கலாங்களா?"

"அசைக்கவே கூடாதுங்க. நாலு மணி நேரமும் இப்படியே நீட்டி வெச்சிருக்கோணும்."

"நான் இடதுகைக்காரிங்க. இந்தக் கைலதான் படம் போடுவேன்."

சாதாரணமாக எழுதாத கையில்தான் இந்த ஆபரேஷன் செய்வார்கள். அவளுக்கு வலது கையில் ரத்தக்குழாய்கள் நூல் மாதிரி இருந்ததால் வேறு வழியில்லாமல் இடது கையில் செய்திருந்தார்கள். அது எனக்குக் கேஸ் ஷீட்டில் இருந்த ஒரு வரி. "டிவி இருக்குதுங்க, பாத்துட்டு இருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன். அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது வாரம் அவள் செல்போனைத் தலையணையில் சாய்த்து வைத்துக்கொண்டு வலது கை ஆள்காட்டி விரலால் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பிரஷர் பார்க்கப் போனபோது எட்டிப் பார்த்தேன். ஒரு வட்டம். வட்டம் என்றுகூடச் சொல்ல முடியாது, மிதிபட்ட போண்டா மாதிரி இருந்தது. அழித்தாள். மறுபடி போட்டாள். அன்றைக்கு நாலு மணி நேரமும் வட்டம்தான்.

"வீட்டுக்குப் போய் இடது கைல போட்டுக்கலாமுங்களே?" என்றேன்.

"போடுவேன் சிஸ்டர். ஆனா இந்த நாலு மணி நேரமும் என்னோட நேரந்தானுங்க? அத எதுக்கு மெஷினுக்கு விட்டுக் குடுக்கறது?"

ஒரு வருஷம் வட்டமும் கோடும் போட்டாள். அப்புறம் டம்ளர். ஸ்பூன். தன் கால் விரல்கள். எதிர்ப் படுக்கையின் இரும்புக் கம்பி. அவளுடைய தம்பி முகமது ரியாஸ் காந்திபுரத்தில் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறவன். யாரோ உடைந்துபோனதென்று விட்டுப்போன ஒரு டேப்லட்டைச் சரிசெய்து, பேனாவோடு கொண்டுவந்து கொடுத்தான். அதற்கப்புறம் அவள் தலையை நிமிர்த்துவதே அபூர்வமாகிவிட்டது. வலது கையின் கோடு நேராகவில்லை. நடுங்கிக்கொண்டேதான் போகும். ஆனால் எங்கே போக வேண்டுமோ அங்கே போய்ச் சேரும். வீட்டிலும் இடது கையை விட்டுவிட்டாள் என்று பின்னால் தெரிந்தது. ஏன் என்று கேட்டபோது, "இடது கைக்கு எல்லாம் தெரியும்ங்க, பாக்காமயே போட்டுடும். வலது கைக்கு ஒண்ணும் தெரியாது. அது ஒவ்வொண்ணையும் உத்துப் பாக்குது" என்றாள்.

நான் அதையெல்லாம் பொழுதுபோக்கு என்றுதான் நினைத்தேன். எங்கள் யூனிட்டில் ஒருத்தர் குறுக்கெழுத்துப் போடுவார், ஒருத்தர் சீரியல் பார்ப்பார், இவள் படம் போடுவாள்.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மற்றது புரியாது. கிட்னி வேலை செய்யாதவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர் வெளியே போகாது. உடம்பிலேயே தங்கும். காலில், நுரையீரலில், முகத்தில். அதனால் ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான். காபி, ரசம், மோர், மாத்திரை விழுங்குவது எல்லாம் அதற்குள்ளேதான். கோயம்புத்தூர் வெயிலில், ஏப்ரல் மாதத்தில், அரை லிட்டர். ஒவ்வொரு தடவை வரும்போதும் எடை பார்ப்போம். எடை ஏறியிருந்தால் தண்ணீர் குடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். "மூணு கிலோ ஏறியிருக்குங்க, எத்தன டம்ளர் குடிச்சீங்க?" என்று போலீஸ்காரி மாதிரி கேட்பது என் வேலை. அறுபது வயசு மனுஷர்கள் குழந்தைகள் மாதிரிப் பொய் சொல்வார்கள். பாத்திமுத்தம்மா மகளுக்கு எவர்சில்வர் டம்ளரில் எப்போதும் பாதிதான் ஊற்றுவார். முழு டம்ளர் தண்ணீரை ஹுமேரா இருபத்து நாலு வயசுக்கு மேல் குடித்ததே இல்லை.

2021-ல் ஒரு காலை, எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் ஒரு படம் வந்தது. வேலூரில் இருக்கிற என் சித்தி பெண் ஹாரிகா அனுப்பியிருந்தாள். போர் பைப்பிலிருந்து யானைத் துதிக்கை கனத்தில் தண்ணீர் பீச்சியடிக்கிறது. அதன் கீழே ஒரு அம்மாள் சேலையை வரிந்துகட்டிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, வாயை அகலத் திறந்து குடித்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் முகத்தில் மோதி நாலு பக்கமும் தெறிக்கிறது. கோடெல்லாம் நடுக்கம், அதனாலேயே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. ஓரத்தில் சின்னதாக 'அரைடம்ளர்' என்று கையெழுத்து. 'இவங்க படம் எல்லாமே இப்படித்தான், பார்த்தா அழுகை வருது' என்று ஹாரிகா எழுதியிருந்தாள்.

எனக்கு அழுகை வரவில்லை. தூக்கிவாரிப் போட்டது. படத்திலிருந்த அம்மாளின் இடது கையில், முழங்கைக்கு மேலே, கயிறு மாதிரி ஒரு புடைப்பு. அது என்னவென்று எங்களை மாதிரி ஆட்களுக்குத்தான் தெரியும். அந்தக் கையையும் எனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் மூக்குத்தி, நெற்றியில் பச்சை குத்திய புள்ளி. அன்னூரிலிருந்து பஸ் பிடித்து வருகிற ஏழாம் நம்பர் படுக்கை வெங்கடலட்சுமி.

யாரோ எங்கள் யூனிட்டுக்குள் போட்டோ எடுத்து, அதைப் பார்த்து வரைந்து வெளியே விடுகிறார்கள் என்று எனக்கு ஆத்திரம். அன்றைக்கு ஷிஃப்ட் ஆரம்பித்ததும் படுக்கை படுக்கையாகப் போய்ச் செல்போனை நீட்டினேன்.

"இது யாரு செஞ்சதுன்னு உங்களுக்குத் தெரியுமாங்க?"

எட்டாம் நம்பரில் ஹுமேரா படத்தைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள்.

"நாந்தானுங்க சிஸ்டர்."

"நீங்களா?"

டேப்லட்டை என் பக்கம் திருப்பினாள். அதே படம். கீழே, இணையத்தில் அவளைப் பின்தொடர்கிறவர்கள் எண்ணிக்கை. நான் எண்களை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். ஐந்து லட்சத்துச் சொச்சம்.

"அவங்ககிட்டக் கேக்காம போட்டீங்களா?"

பக்கத்துப் படுக்கையிலிருந்து வெங்கடலட்சுமியக்கா சிரித்தார். "நாந்தான் போடச் சொன்னேன் அம்மணி. எங்க தோட்டத்துல ஆயிரத்தி இருநூறு அடி போட்டும் ஈரமண்ணு கூட வரல. படத்துலயாவது வருட்டும்னு சொன்னேன். பைப்பு இன்னுங் கொஞ்சம் பெருசா போட்டிருக்கலாங்கண்ணு."

"அடுத்த வாட்டி பெருசா போட்டர்றேனுங்க" என்றாள் ஹுமேரா.

அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. அவள் எங்கள் யூனிட்டில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். நான் கேட்கிற கேள்விக்கு நேர் எதிரான கேள்வி. "எவ்வளவு வேணும்? எங்க வெச்சுக் குடிக்கோணும்?" அவர்கள் சொல்வதை அப்படியே வரைவாள். காட்டூர் இன்னாசிமுத்து மோட்டார் காயில் கட்டுகிறவர், அறுபத்து மூன்று வயசு. பள்ளிக்கூடத்தில் இன்டர்வெல் பெல் அடித்ததும் குழாயடிக்கு ஓடி, கையை ஏந்திச் சிறுவாணித் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார். ஹுமேரா அவரை வெள்ளை மீசையோடே அரை டிராயர் போட்டு வரைந்தாள். அவர் அதைத் தன் செல்போன் முகப்பில் வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களுக்கெல்லாம் காட்டினார். பேங்கில் இருந்து ரிட்டையரான ஒருத்தர், "எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றே ஆறு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஊசியை எடுத்துக் கட்டுப் போட்டபின் எழுந்து போகாமல் ஹுமேராவின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றார். "ரசம். என் வீட்டுக்காரி ஊத்தித் தரோணும். சுடச்சுட." அவருடைய மனைவி செத்து எட்டு வருஷம். ஹுமேரா அவரிடம் மனைவியின் போட்டோ கேட்கவில்லை. "அவங்க எப்படி ஊத்துவாங்க?" என்று மட்டும் கேட்டாள். ஒரு கையால் முந்தானையை அடக்கிக்கொண்டு, பொங்கி வருகிற நுரையை ஊதிக்கொண்டே ஊற்றுவாள் என்றார். படத்தில் அந்தக் கையும், முந்தானையும், ஊதுகிற உதடும்தான் இருந்தன. அவர் அதைப் பார்த்துவிட்டு, "ஆமா" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் ஒரு தடவைகூட அதிக எடையோடு வரவில்லை.

"உங்களுக்கு எவ்வளவு வேணுங்க சிஸ்டர்?" என்று ஒரு நாள் என்னையும் கேட்டாள்.

மெஷினைச் சரிபார்க்கிற சாக்கில் நகர்ந்துவிட்டேன். எனக்குத் தோன்றும்போதெல்லாம் நான் குடிக்கிறேன். அன்றைக்கு மத்தியானம் வராந்தாவில் நின்று தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். முப்பத்தைந்து வயசில் முதல் தடவையாகத் தண்ணீர் தொண்டைக்குள் இறங்குவதைக் கவனித்தேன்.

அவள் முகத்தை இணையத்தில் எங்கும் காட்டியதில்லை. பேரும் சொன்னதில்லை. ஊர் கோயம்புத்தூர் என்பது மட்டும் படங்களிலிருந்து தெரியும். அவள் ஆணா பெண்ணா, வயசானவரா என்று கமெண்ட்டில் சண்டை போட்டுக்கொள்வார்கள். அந்த நடுங்கும் கோட்டைப் பற்றி ஓவியக் கல்லூரியில் பாடம் எடுக்கிற ஒருத்தர் நீளமாக எழுதியிருந்தார், வேண்டுமென்றே பல வருஷம் பழகி உண்டாக்கிய பாணி என்று. ஹுமேரா அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். யூனிட்டே சிரித்தது. பன்னிரண்டு பேரும் குழாய் மாட்டிய கையை அசைக்காமல் சிரித்தார்கள்.

2022-ல் ஒரே ஒரு தடவை, தனக்கும் கிட்னி இல்லை, தானும் அரை டம்ளர்தான் குடிக்கிறேன் என்று எழுதினாள். மறுநாள் காலை டேப்லட்டை என்னிடம் நீட்டினாள். செய்திகள் வந்துகொண்டே இருந்தன. 'என் கிட்னி ஒண்ணு எடுத்துக்கோங்க.' 'எனக்கு முப்பது வயசு, சர்க்கரை இல்ல, குடிப்பழக்கம் இல்ல, எங்க வரணும்னு சொல்லுங்க.' தூத்துக்குடி, மலேசியா, கனடா, எந்த மொழி என்றே தெரியாத எழுத்துகள். இருநூற்றுப் பதினாலு பேர். ஒருவரும் அவளைப் பார்த்ததில்லை. சொந்தக்காரர் இல்லாதவர் கொடுப்பதற்குச் சட்டத்தில் ஆயிரம் தடை உண்டு, அவள் யாரிடமும் கிட்னி கேட்கப்போவதும் இல்லை. ரியாஸ் கொடுக்க முன்வந்தான், அவனுடையது பொருந்தவில்லை. பாத்திமுத்தம்மாவுக்குச் சர்க்கரை. இறந்தவர்களின் உறுப்புக்காகக் காத்திருக்கிற பட்டியலில்தான் அவள் பேர் இருந்தது, ஐந்து வருஷமாக.

அந்தப் பட்டியலிலிருந்து கூப்பிட்டார்கள். 2023 செப்டம்பர், புதன்கிழமை, காலை பதினோரு மணி. ஹுமேரா மெஷினில் இருந்தாள். இரண்டு நாளாகக் காய்ச்சல், இருமல். போனை நான்தான் அவள் காதில் வைத்தேன். கிட்னி வந்திருக்கிறது, பொருந்துகிறது, உடனே கிளம்பி வரவேண்டும். யூனிட் முழுக்கத் தெரிந்துவிட்டது. இன்னாசிமுத்து சிலுவை போட்டுக்கொண்டார். வெங்கடலட்சுமியக்கா, "போ கண்ணு, போ கண்ணு" என்று படுக்கையிலிருந்தே கத்தினார். பாத்திமுத்தம்மா வாசலில் எழுந்து நின்றார்.

எங்கள் டாக்டர் வந்து அவள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார். இன்னொரு பக்கம் வைத்தார். படுக்கைக்கே கொண்டுவந்து எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரலில் தொற்று. இந்த நிலையில் மாற்று அறுவை செய்தால் ஆள் பிழைக்கமாட்டார் என்றார். அந்தக் கிட்னி காத்திருக்காது. பட்டியலில் அடுத்த பேருக்குப் போகும்.

நான் அவள் பக்கத்தில் நின்றேன். அவள் மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. துடைத்துவிட்டேன்.

"அடுத்த ஆளு யாருங்க சிஸ்டர்?"

"சொல்லமாட்டாங்கம்மா. ஆம்பளையா பொம்பளையான்னு கூடத் தெரியாது."

"அவங்களுக்கு இந்நேரம் போன் போயிருக்குங்களா?"

"போயிருக்கும்."

"டேப்லட்ட எடுத்துக் குடுக்கறீங்களா?"

இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி இருந்தது. இருமிக்கொண்டே வரைந்தாள். நான் வேறு படுக்கைகளுக்குப் போகும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஊசியை எடுக்கப் போனபோது படம் முடிந்திருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஆள். ஆணா பெண்ணா என்று தெரியாதபடி ஆஸ்பத்திரி அங்கி. ஜன்னல் வெளிச்சம். தலையைப் பின்னால் சாய்த்து ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் வாயோரம் வழிந்து கழுத்தில் இறங்கி முதுகு நனைந்திருக்கிறது. கீழே இரண்டே வரி எழுதியிருந்தாள்.

'யாரோ ஒருத்தர்.
நல்லா குடிங்க.'

ஒரு மனுஷியின் உயிர் கைக்கு எட்டி, இன்னொருத்தருக்குப் போய் இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அந்தக் கோட்டில் நான் கசப்பைத் தேடினேன். நிஜமாகவே தேடினேன், பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். இல்லை. நான் இந்த வேலையில் எத்தனையோ சாவு பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்தப் படம் எங்கெல்லாம் போனது என்று ரியாஸாலும் கணக்குப் பார்க்க முடியவில்லை. அதன் கதை யாருக்கும் தெரியாது, ஹுமேரா சொல்லவில்லை. ஆனாலும் மாற்று உறுப்பு பெற்றவர்கள் வந்தார்கள். 'இது நான்தான்' என்று ஒருவர் எழுதினார், மதுரைக்காரர். கீழே இன்னொருவர், 'இல்லை, நான்.' அப்புறம் கிட்னி மட்டுமில்லை, கண் மாற்றியவர்கள், ஈரல் மாற்றியவர்கள், ரத்தம் வாங்கிப் பிழைத்தவர்கள். ஆயிரக்கணக்கில். அவள் ஒவ்வொன்றாக வாசித்தாள். "பாருங்க சிஸ்டர், எத்தன பேரு உயிரோட இருக்காங்க" என்றாள்.

காய்ச்சல் போய்விட்டது. ஆனால் அதற்கப்புறம் இதயம் பழையபடி இல்லை. மறுபடி பட்டியலிலிருந்து கூப்பிடவும் இல்லை. ஒரு வருஷம் இல்லை, பத்து மாதம் இருந்தாள். அந்தப் பத்து மாதத்தில் நூற்று முப்பது படம்.

2024 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை ஊசியை உருவிவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. உக்கடத்தில் டிராஃபிக் எப்படி இருக்கும் என்று பேசிக்கொண்டோம். "திங்கக்கிழமை வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். திங்கட்கிழமை காலை எட்டாம் நம்பர் மெஷினை அவளுக்காகத் தயார் செய்து வைத்திருந்தேன். எட்டு மணிக்கு ரியாஸ் போன் செய்தான். "அக்கா, அவ எந்திரிக்கல."

அன்றைக்கு மத்தியானமே அடக்கம். நான் லீவு சொல்லிவிட்டுப் போனேன். கோட்டைமேட்டில் அந்தச் சந்துக்குள் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் அந்தத் தெருவாட்கள். ஹுமேராவைக் கல்யாணப் பத்திரிகை டிசைன் போடுகிற, உடம்புக்கு முடியாத பெண்ணாக மட்டும் தெரிந்தவர்கள். பாத்திமுத்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மகளின் கையைப் பிடிக்கிற இடத்தில் என் கையைப் பிடித்து, விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். அந்த உறுமல் என் கையில் ஏது?

சாயங்காலம் ரியாஸ் அவளுடைய இணையப் பக்கத்தில் ஒரு வரி போட்டான். 'அரைடம்ளர் இன்று காலமானார். நான் அவருடைய தம்பி.' வேறு ஒன்றும் எழுதத் தெரியவில்லை அவனுக்கு.

மூன்றாம் நாள் டேப்லட்டை எடுத்துக்கொண்டு யூனிட்டுக்கு வந்தான். பாஸ்வேர்டை முன்பே சொல்லி வைத்திருந்தாள். உள்ளே அறுநூற்று நாற்பது படங்கள், ஒவ்வொன்றும் அடுக்கடுக்காகப் பிரிக்கக்கூடிய மூலக் கோப்பாக. தண்ணீர் ஒரு அடுக்கு, ஆள் ஒரு அடுக்கு, வெளிச்சம் ஒரு அடுக்கு. கூடவே தன் வலது கையின் நடுக்கத்தையே ஒரு தூரிகையாக மாற்றி வைத்திருந்தாள். கம்ப்யூட்டரில் படம் போடுகிற யாரும் அதை இறக்கிக்கொண்டு, தங்கள் கையால் அவளுடைய கோட்டை இழுக்கலாம். 'எல்லாம் எல்லாருக்கும். ஆள எடுத்துட்டு உங்க ஆள வெச்சுக்கோங்க' என்று குறிப்பு. ரியாஸ் அப்படியே வெளியிட்டான்.

இப்போது ஈரோட்டில் ஒரு டயாலிசிஸ் யூனிட்டில் அங்கே வருகிறவர்களை இப்படி வைத்துப் போட்ட படங்கள் கூரையில் ஒட்டியிருக்கின்றன. மல்லாந்து படுத்திருக்கிறவர்கள் கூரையைத்தானே பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்தில் ஒன்று. பெரு என்கிற நாட்டில் ஒன்று. அங்கே ஒரு கிழவர் இளநீரைப் போல ஏதோ ஒரு காயைக் குடித்துக்கொண்டிருக்கிறார், நான் அந்தக் காயைப் பார்த்ததில்லை. கோடு மட்டும் எட்டாம் நம்பர் படுக்கையில் பிறந்த கோடு.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு ரியாஸ் என்னைக் கூப்பிட்டிருந்தான். ஓதி முடித்து, எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, நாங்கள் மூன்று பேரும் உள்அறையில் உட்கார்ந்தோம். ரியாஸ் டேப்லட்டைத் திறந்தான்.

"அம்மா, இத நீங்க பாக்கோணும். சாய்ப்ரியாக்கா இருக்கும்போது காட்டலாம்னு வெச்சிருந்தேன்."

அவளைப் பார்த்திராதவர்கள் அவளை வரைந்திருந்தார்கள். செய்தி வந்த அன்றைக்கு யாரோ ஒருவர் ஆரம்பித்தார். முகம் தெரியாததால் தனக்குத் தோன்றிய முகத்தை வரைந்து, கையில் ஒரு முழு டம்ளர் தண்ணீரைக் கொடுத்திருந்தார். அதைப் பார்த்து இன்னொருவர், இன்னொருவர். நாற்பது நாளில் பதினோராயிரம் படங்கள். ஒன்றில் அவள் கருப்பு, கொண்டை போட்டு, பூ வைத்திருக்கிறாள். ஒன்றில் செம்பட்டை முடி. ஒன்றில் மொட்டை. ஒன்றில் சக்கர நாற்காலியில். ஒன்றில் எண்பது வயசு. ஒரு குழந்தை க்ரேயானில் ஒரு தலையும் இரண்டு கையும் போட்டு, அந்த ஆளைவிடப் பெரிதாக ஒரு டம்ளர் போட்டிருந்தது. எல்லா டம்ளரும் விளிம்புவரை நிரம்பியிருந்தன.

பாத்திமுத்தம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். அவசரப்படவில்லை. நூறு, இருநூறு இருக்கும்.

"இவங்களுக்கெல்லாம் இவளத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"அப்புறம் எப்படி வரைஞ்சாங்க?"

ரியாஸ் விரலால் தள்ளினான். அடுத்த படத்தில் பெரிய தாடி வைத்த ஒரு ஆம்பளை டம்ளரைத் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"இதாருடா தாடியோட?"

"அக்காவ ஆம்பளைன்னு நெனச்சுட்டாங்கம்மா."

அவர் வாயில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். நாற்பது நாளில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று ரியாஸ் பின்னால் சொன்னான். சிரிப்பு அடங்கினதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இத்தன பேரு வந்திருக்காங்க, ஒருத்தருக்கும் ஒரு வார்த்த சொல்லாம இருந்திருக்கமே" என்றார்.

"அவங்க வரலீங்கம்மா, எங்கெங்கயோ இருந்து படம் அனுப்பியிருக்காங்க" என்றேன்.

"வந்ததுதானுங்க. எழவு வீட்டுக்கு வந்தவங்கள அப்படியே அனுப்பறதா?"

ரியாஸ் பொதுவாக ஒரு நன்றி போட்டுவிடலாம், எல்லோரும் பார்ப்பார்கள் என்றான். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகத்தான் சொல்ல வேண்டும். தமிழில் டைப் அடிக்கச் சொல்லிக்கொடு என்றார். அவன் பேசினாலே எழுத்தாகிற வசதியைக் காட்டினான். டேப்லட்டை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, போனில் பேசுகிற மாதிரிச் சத்தமாகச் சொன்னார்.

"நான் பாத்திமுத்து. ஹுமேராவோட அம்மா. எம்மகளுக்காக வந்தீங்க. அல்லா உங்களுக்கு நல்லது செய்யட்டும்."

இணையத்தில் அவளுடைய பேர் வந்தது அதுதான் முதல் தடவை. தாடிக்காரர் படம் போட்டவருக்குத்தான் முதல் பதில் போனது. அவர் போர்ச்சுகலில் இருக்கிறாராம்.

அது போன வருஷம். பாத்திமுத்தம்மா இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். மத்தியான லுஹர் தொழுகை முடிந்து சாப்பிட்டதும் தினம் முப்பது, நாற்பது பேருக்கு. போன வாரம் போனில் பேசினேன். ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டாராம். "இன்னிக்குப் பெருவுல ஒரு அம்மாகூடப் பேசினேன், அவங்க மகனுக்கும் வாரம் மூணு நாள் டயாலிசிஸாம், பாவம், என்ன சமைக்கிறதுன்னு கேட்டாங்க, சொல்லிக் குடுத்தேன்" என்றார்.

"அவங்களுக்குத் தமிழ் தெரியுமாங்க?"

"தெரியாது. அவங்க அவங்க பாசைல சொல்றாங்க, நான் நம்ம பாசைல சொல்றேன். டேப்லட்டு மாத்திக் குடுத்துக்குது" என்றவர், "இருங்க, இன்னொருத்தர் காத்துட்டிருக்காரு" என்று போனை வைத்துவிட்டார்.